முன்னால் ஓடியவன் முகத்தில் சேறு

செத்துப்போன ஒருவர் சனிக்கிழமை தவறாமல் புனேயின் கேம்ப் பகுதிக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் அன்றைய வேலை.

"சார், ஆவிங்க பன் மஸ்கா சாப்பிடுமா?" என்று கேட்டாள் வைஷு, ஸ்கூட்டரை நிறுத்தி ரெயின்கோட்டை உதறிக்கொண்டே. "சாப்பிடும்னா எனக்கும் ஒண்ணு சொல்லிடுங்க."

"மொதல்ல ஆளைப் பாப்போம்ங்க. அப்பறம் வெண்ணெய் தடவின பன்னைப் பாக்கலாம்," என்றார் வாசுதேவன்.

காய்கறி விற்பவரிலிருந்து போலீஸ் கமிஷனர் வரைக்கும் எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார் அவர். கோயமுத்தூரை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் அது மட்டும் போகவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைத் துப்பறிந்து தலை நரைத்தவர், இப்போது வானவடியில் ஒரு டிரைகிளீனர் கடைக்கு மேலே சொந்தமாக ஆபீஸ் வைத்திருந்தார். வைஷு அவருடைய ஒரே உதவியாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேச வரும், படிக்க வராது, வாயை மூடிக்கொண்டிருக்க அறவே வராது.

கேஸ் வியாழக்கிழமைதான் வந்தது. ஊரின் இன்னொரு கோடியான ஔந்த்திலிருந்து சந்திரிகா என்ற பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். குள்ளமான, ஒல்லியான ஒரு கிழவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் டீ கிளாஸ். சுற்றிலும் வயதானவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, 'எங்கள் சனிக்கிழமை ஹீரோ, ஜாக்கி சந்திரமௌலி' என்று யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

"சந்திரமௌலி என் அப்பா," என்றாள் அவள். "ஆனா இது என் அப்பா இல்லை. அவர் இப்ப உயிரோட இல்லை."

"அப்பா பந்தயக் குதிரை ஓட்டற ஜாக்கியா இருந்தாருங்களா?"

"ஆமா." அதைச் சொல்வதற்குள் அவள் முகம் கன்றிப்போனது. "என் புகுந்த வீட்ல அது யாருக்கும் தெரியாது. மாமனார் ராணுவத்துல அக்கவுண்ட்ஸ் ஆபீசரா இருந்தவர். அந்த வீட்ல சீட்டுக்கட்டுகூடக் கிடையாது. இந்த போட்டோ எந்தெந்த குரூப்லயோ சுத்தி என் மாமியார் போனுக்கு வந்துடுச்சு. 'உங்கப்பா பேர்தானே இது?'ன்னு கேட்டாங்க. இதே பேர்ல வேற யாரோன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

"அப்பா எப்பத் தவறினாருங்க?"

"நான் காலேஜ் முடிச்ச வருஷம். சென்னையில." போனைக் கவிழ்த்து வைத்தாள். "அந்த ஆளை எல்லார் முன்னாடியும் வெச்சு, நீ போலின்னு சொல்லணும். இனிமே அந்தப் பேரை அவன் எடுக்கக் கூடாது. எனக்கு அது போதும்."

அவள் கண் கலங்கியிருந்தது. புருஷனை இழந்த பெண்களிடம்கூட மரணச் சான்றிதழ் பார்க்காமல் ஒரு வார்த்தை நம்பாத வாசுதேவன், தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். அதை வைஷுவும் கவனித்தாள். கவனித்ததோடு சரி.

இப்போது அவர்கள் ஏறிய மரப்படி ஒரு பழைய ஈரானி ஹோட்டலின் மாடிக்குப் போயிற்று. பந்தய மைதானம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஜன்னலுக்கு வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நீள மேஜையைச் சுற்றி வயதானவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். ஹிந்தியும் மராத்தியும் தமிழுமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் பைனாகுலர் தொங்க, பருத்திப் புடவையில் இருந்த ஓர் அம்மாள்தான் அவர்களை வரவேற்றார். பெயர் அபயாம்பாள். வானவடியில் ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆயுசு பூராவும் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர்.

"புதுசா? வாங்கோ," என்றார். "இங்க ஒரே ஒரு ரூல்தான். எவ்வளவு ஜெயிச்சேன், எவ்வளவு தோத்தேன்னு யாரும் பேசப்படாது. குதிரையைப் பத்திப் பேசலாம், அதை ஓட்டினவாளைப் பத்திப் பேசலாம். வேற பேச்சு கிடையாது."

நடு நாற்காலியில் படத்தில் பார்த்த கிழவர் உட்கார்ந்திருந்தார். வளைந்த கால்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. தொப்பி போட்ட ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "நீங்க ஸ்டார்ட்டுக்கு முன்னாடி குதிரை காதுல தமிழ்ல ஏதோ சொல்லுவீங்களே, சார். பஞ்சாப்ல பொறந்த குதிரை. அதுக்கு எப்படிப் புரிஞ்சுதுன்னு நாங்க கேலரில சண்டையே போட்டிருக்கோம்."

"அப்புறம்?" என்றார் கிழவர்.

"கண்ணாடி போடறதுக்கு முன்னாடி திருநீறு இட்டுப்பீங்க. மழையில அது கரைஞ்சு மூக்கு மேல கோடு விழும்."

"அப்புறம்? அன்னிக்கி நான் என்னா கலர் சட்டை போட்டிருந்தேன்?"

"பச்சை. தோள்ல மஞ்சள்."

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பச்சை, தோளில் மஞ்சள்.

வைஷு குனிந்து வாசுதேவனின் காதைக் கடித்தாள். "பாத்தீங்களா சார்? இவரு எதுவும் சொல்றதில்ல, கேட்டுக்கறார். கேட்டு மனப்பாடம் பண்றார். பரீட்சைக்கு முந்தின நாள் நான் இப்படித்தான் பண்ணுவேன்."

"இருக்கட்டும்ங்க. ஒண்ணு ரெண்டு கேட்டுப் பாருங்க."

வைஷு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆர்வமான ரசிகை மாதிரி கேட்டாள். சந்திரமௌலிக்குப் பிடித்த குதிரை எது, அதற்கு என்ன கெட்ட பழக்கம், அவர் விழுந்து தோள்பட்டை முறிந்தது எந்த வளைவில். கிழவர் எதற்கும் தடுமாறவில்லை. அந்தக் குதிரை பெயர் லேட் லத்தீஃப் என்றார். எப்போதும் தாமதமாக வருகிற ஆளைக் கேலியாக அப்படிச் சொல்வார்களே, அதே பெயர். லாயத்தில் பக்கத்துக் குதிரையின் தீவனச் சாக்கைக் கடித்து இழுப்பது அதன் பழக்கம். தோள்பட்டையைப் பற்றிச் சொல்லும்போது, முறிந்தது தன்னுடையது என்பதுபோலவே அதைத் தடவிக்கொண்டார். வைஷுவுக்கு ஏமாற்றமாகப் போயிற்று.

"லேட் லத்தீஃப் ரேஸைச் சொல்லுங்களேன். புதுசா வந்தவா கேக்கட்டும்," என்றார் அபயாம்பாள். பிறகு பொறுமையில்லாமல் தானே தொடங்கினார். "அன்னிக்கும் இதே மாதிரி மழைதான். எல்லாரும் பின்னாடியே பதுங்கி வந்து கடைசியில அடிப்பா. இவர் மட்டும் கேட் தொறந்த நிமிஷமே முன்னாடி போயிட்டார். போனவர் போனவர்தான். முடியற வரைக்கும் இவருக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா கிடையாது. பேர் லேட் லத்தீஃப், வந்தது முதல்ல. நான் அன்னிக்குக் கத்தின கத்துல மறுநாள் கிளாஸ்ல குரலே வரல."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. கிழவர் முகமும் மலர்ந்தது. அதுவரை கேட்டுக்கொண்டே இருந்தவர், முதல் தடவையாகத் தானே பேச ஆரம்பித்தார். குரல் தாழ்ந்து, கண் எங்கேயோ போய்விட்டது.

"சேறுன்னா சேறு, அப்படியொரு சேறும்மா அது. மூஞ்சில வந்து சுளீர் சுளீர்னு அடிக்கிது. கண்ணாடி ஒண்ணு மேல ஒண்ணு போட்டிருப்போம். அழுக்கானதைக் கீழ இழுத்து விட்டா, அடுத்ததும் மூடிக்கிச்சி. வாய்க்குள்ளல்லாம் மண்ணு. எதுவும் தெரியல. லேட் லத்தீஃப் வால் மட்டும் நனைஞ்சி கயிறு மாதிரி ஆடிக்கினு இருந்துச்சி, அதைப் பாத்துக்கினேதான் ஓட்டினேன்..."

வைஷுவின் முதுகு நிமிர்ந்தது. வாசுதேவனைப் பார்த்தாள். அவருக்கும் பிடிபட்டிருந்தது. "வெளிய கூட்டிட்டுப் போய்க் கேப்போம்ங்க," என்றார் மெதுவாக. "பெரியவரு."

"கிளையன்ட் எல்லார் முன்னாடியும்னு சொன்னாங்க சார்."

"வைஷு, பொறுங்க."

அவளால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு அழகான துப்பு, இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்து மாடிப்படியோடு வீணாய்ப் போவதா? எழுந்து நின்றாள்.

"அங்கிள், ஒரு சின்ன டவுட். நீங்க ஓட்டினது குதிரையையா, இல்ல அதோட வாலையா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஸ்டார்ட்லேருந்து நீங்கதான் முன்னாடி, உங்களுக்கு முன்னாடி ஈ காக்கா கிடையாதுன்னு ஆன்ட்டி சொல்றாங்க. அப்ப உங்க மூஞ்சில சேத்தை அடிச்சது யாரு? உங்க குதிரை வாலை நீங்களே எப்படிப் பாத்தீங்க? ரிவர்ஸ் கியர்லயா வந்தீங்க?"

ஒரு கணம் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நல்ல ஜோக்கைக் கேட்டுச் சிரிக்கிற மாதிரியே. பிறகு ஒவ்வொருவராக அதன் அர்த்தம் விளங்கி, சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக நின்றுபோயிற்று. கிழவர் மட்டும் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கையிலிருந்த கிளாஸைப் பார்த்து மேஜையில் வைத்தார்.

"இவர் சந்திரமௌலி இல்லை," என்றாள் வைஷு. தன் குரல் கணீரென்று ஒலிப்பது அவளுக்கே பிடித்திருந்தது. "சந்திரமௌலி செத்துப்போய்ப் பல வருஷம் ஆச்சு. செத்துப்போன ஒரு மனுஷன் பேரை வெச்சு இவர் உங்ககிட்ட..."

"யாரு செத்தா?"

கிழவர் தலையை நிமிர்த்தியிருந்தார். கோபமில்லை. உண்மையான பயம் இருந்தது அந்தக் கேள்வியில்.

"சந்திரமௌலிதான்."

"இன்னிக்கா? எப்போ? நான் காலைல இட்லி ஊட்டிட்டு வந்தேனேம்மா. நல்லாத்தான் இருந்தான்."

வைஷு மெதுவாக உட்கார்ந்தாள். வாசுதேவன் எழுந்து அவர் அருகே போனார்.

"இன்னிக்கு ஒண்ணும் ஆகலைங்க, பயப்படாதீங்க," என்றார். "எங்களுக்குக் கிடைச்ச தகவல் தப்பா இருக்கும்போலங்க."

கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார்.

"அப்ப நீ யார்?" என்று கேட்டார் அபயாம்பாள்.

"சலீம்மா."

"பேரைக்கூட மாத்திக்கிட்டு வந்து உக்காந்திருக்கான், பாத்தியா," என்று தொப்பிக்காரர் மராத்தியில் முணுமுணுத்தார். பேர் என்ற சொல்லில் ஓர் அழுத்தம் இருந்தது. அது சலீமின் மதத்தைக் குத்துவது என்று வைஷுவுக்குப் புரிந்தது. இந்தக் கதவைத் திறந்துவிட்டது அவள்தான்.

"தினேஷ், வாயை மூடு," என்றார் அபயாம்பாள், வகுப்பில் பேசுகிற குரலில். பிறகு கிழவர் பக்கம் குனிந்தார். "சலீம்னா... ஆரஞ்சு சட்டை போட்டுண்டு, செவலைக் குதிரை மேல? அன்னிக்கு ரெண்டாவதா வந்த சலீமா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு உன்னை நான் பார்க்கவே இல்லையே. முடியற வரைக்கும் இதை அவன் மேலயே வெச்சிருந்தேன்." பைனாகுலரைத் தொட்டுக் காட்டினார்.

"யாரும் பாக்கலம்மா. பாக்கறதுக்கு இன்னா இருந்துச்சி, மூஞ்சி பூரா சேறு," என்றார் சலீம். குடையை எடுத்துக்கொண்டார். "மன்னிச்சிக்கங்க. நான் எதுவும் எடுத்துக்கினு போவல. நீங்க சொன்னதை மட்டும்தான் எடுத்துக்கினு போனேன்."

மரப்படி ஒலிக்க அவர் இறங்கிப் போனார். மேஜையில் யாரும் வைஷுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கீழே சலீம் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். வாசுதேவன் ஓடிப்போய், "நாங்களும் வர்றோம்ங்க. அனுமதிச்சா," என்றார். சலீம் ஒதுங்கி இடம் விட்டார். ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு வைஷுவும் ஏறிக்கொண்டாள். சலீமின் வீடு இருந்த கோந்த்வா போகிற வழியெல்லாம் தேங்கிய தண்ணீரும் ஹார்ன் சத்தமும்தான்.

சலீம்தான் சொன்னார். இரண்டு பேரும் கிண்டியில் ஒரே லாயத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, ஒன்றாக ஜாக்கி ஆகி, பிறகு புனே மைதானத்துக்கு வந்தவர்கள். சந்திரமௌலி ஜெயித்துக்கொண்டே இருந்தார், சலீம் அவர் பின்னால் வந்துகொண்டே இருந்தார். குடியால் மௌலியின் குடும்பம் கலைந்தது. மனைவி பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். குடியை விட்டுப் பல வருடம் கழித்துப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, கூட இருக்க சலீமைத் தவிர ஆளில்லை.

"நாள் போகப் போக எல்லாம் மறக்க ஆரம்பிச்சிட்டான். தான் யாருன்னே சந்தேகம் வந்துடுச்சி அவனுக்கு. 'நான் நெசமாவே ஜெயிச்சேனாடா?'ன்னு கேக்கறான். நான் ஆமான்னா, ஃபிரண்டுக்காகப் பொய் சொல்றேன்றான். ரேஸ் பாத்த ஜனங்க இங்க கூடறாங்கன்னு கேள்விப்பட்டு, ஒருத்தரையாவது வீட்டுக்கு இட்டுக்கினு போலாம்னுதான் வந்தேன். உள்ள நுழைஞ்ச ஒடனே என் காலைப் பாத்துட்டு, 'நீங்க சந்திரமௌலிதானே'ன்னு ஒருத்தர் கட்டிப் புடிச்சி அழுதுட்டார். நான் எப்படி இல்லன்றது? ஜாக்கி மூஞ்சியை யார் பாத்தா? எல்லாரும் சட்டைக் கலரைத்தான் பாத்தாங்க."

"அவருக்குத் தெரியுங்களா?"

"வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். படுத்ததுக்கப்புறம் அன்னிக்கித்தான் சிரிச்சான். ஆளை வரச் சொல்லாத, என்னை இப்படிப் பாக்க வேணாம், நீயே நானாப் போடான்னான். திருநீறு அவன்தான் இட்டு விடுவான், அந்த ஒரு கையால. எதுக்குத் தெரியுமா? அவங்க சொல்றது பூராத்தையும் கேட்டுக்கினு வந்து சாயங்காலம் அவன்கிட்ட சொல்லணும். பச்சைச் சட்டை, தோள்ல மஞ்சள். இன்னிக்கிதான் அது கிடைச்சுது."

வைஷு ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறார் என்று அவள் கேலி செய்த உதட்டசைவு கண் முன்னால் வந்து நின்றது.

கொஞ்ச தூரம் போனபிறகு சலீம் கேட்டார். "அவன் செத்துட்டான்னு உங்களுக்குச் சொன்னது... சந்திரிகாவா?"

வாசுதேவன் பதில் சொல்லவில்லை. கிளையன்ட் பெயரைச் சொல்வதில்லை என்பது அவர் தொழில் தர்மம். ஆனால் சொல்லாமலிருந்ததே சொல்லிவிட்டது.

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றார் சலீம். "என்னைப் போலின்னு சொன்னதுகூடப் பரவால்ல."

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. கதவைத் திறப்பதற்குமுன் சலீம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெற்றியை மட்டும் விட்டுவிட்டார். பிறகு சிரித்த முகத்தோடு உள்ளே போனார்.

ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தவர் ஒரு பிடி எலும்பாக இருந்தார். முகத்தின் வலது பக்கம் தொங்கியிருந்தது. இடது கண் மட்டும் கூர்மையாகச் சலீமிடம் வந்து, பின்னால் நின்ற புதியவர்களிடம் போயிற்று. இடது கை போர்வையை இழுக்கத் தேடியது.

"நல்ல கூட்டம்டா இன்னிக்கி," என்றார் சலீம், உரக்க. "மழையிலயும் அத்தினி பேர். இவங்க புதுசு. லேட் லத்தீஃபைப் பத்தியே கேட்டுக்கினு இருந்தாங்க. உன்னைப் பாக்கணும்னு பிடிவாதம் புடிச்சி வந்துட்டாங்க. நான் இன்னா பண்றது?"

எவ்வளவு எளிதாக ஒரு பொய்யால் அவளை மூடிக் காப்பாற்றிவிட்டார். வைஷுவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

சந்திரமௌலி அவளையே பார்த்தார். "நீ... பாத்தியா? ரேஸ்?"

அந்த ரேஸ் நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை. அவள் வாழ்க்கையில் ஒரு குதிரையைத் தொட்டதுகூடக் கிடையாது. கேலிப் பேச்சுக்கு ஒரு நொடிகூடத் தேட வேண்டியிராத நாக்கு, இப்போது ஒரு நல்ல வார்த்தைக்காகத் தவித்தது.

"டீச்சர் ஒருத்தங்க சொன்னாங்க அங்கிள்," என்றாள், தட்டுத் தடுமாறித் தமிழைக் கோத்து. "நீங்க கேட் தொறந்த ஒடனே முன்னாடி போயிட்டீங்க. பச்சை சட்டை. தோள்ல மஞ்சள். முடியற வரைக்கும் உங்களுக்கு முன்னாடி யாருமே இல்ல. அவங்க கத்தின கத்துல மறுநாள் அவங்களால பாடமே எடுக்க முடியல. இன்னும் அந்த பைனாகுலரைக் கழுத்துல மாட்டிட்டுத்தான் உக்காந்திருக்காங்க."

"பச்சை," என்றார் அவர். "தோள்ல மஞ்சள்." இடது கண்ணில் நீர் திரண்டு கோணலாக வழிந்தது. "முன்னால... போறவனுக்கு ஒண்ணும் தெரியாது. பின்னால யாருன்னு... பயம். இவன் மூச்சு மட்டும் கேட்டுச்சு." சலீமைக் காட்டினார். "இவனுக்கு... பயந்துதான் ஜெயிச்சேன்."

சலீம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாசுதேவன் வெளியே வந்து மாடிப்படியில் நின்றபடி போன் போட்டார். வைஷு கீழ்ப்படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றது சந்திரிகாவின் குரல்.

"முடிஞ்சுதுங்க. அந்தப் போட்டோல இருக்கறவரு உங்கப்பா இல்லைங்க. நீங்க சொன்னது சரிதான்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கப்பா உள்ளதான் படுத்திருக்காருங்க. நான் அவரு வீட்டு வாசல்ல நின்னுதான் பேசறேன். வலது பக்கம் விழுந்துடுச்சு. நீங்க சொன்னதை நான் விசாரிச்சிருக்கணும்ங்க. என் தொழிலே அதுதான். செய்யாம வந்து ஒரு நல்ல மனுஷரை நாலு பேர் முன்னால அவமானப்படுத்திட்டோம். அது எங்க தப்புங்க."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உயிரோட இருக்கார்னு தெரியும்," என்றாள் கடைசியில். "படுத்துட்டார்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது." பிறகு அடைத்திருந்தது உடைந்த மாதிரி பேசினாள். "பொண்ணு பார்க்க வந்தப்ப, அப்பா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன் சார். கல்யாணம் ஆனதும் அத்தை எந்தத் தேதின்னு கேட்டாங்க. வாய்க்கு வந்த தேதி ஒண்ணைச் சொன்னேன். அதிலேருந்து வருஷா வருஷம் அந்த நாள்ல அத்தை தலைக்குக் குளிச்சிட்டு, வெங்காயம் பூண்டு இல்லாம சமைக்கறாங்க. எங்கப்பா பேரைச் சொல்லிக் காக்காவுக்குச் சோறு வைக்கறாங்க. என்னைக் கூப்பிட்டுக் கும்பிடச் சொல்றாங்க. நானும் கும்பிடறேன்."

வாசுதேவன் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் வந்தா, என்ன சொல்லிட்டு உள்ள நுழையறது?"

"தெரியலைங்க," என்றார் அவர். "ஆனா வாங்க."

இருட்டுவதற்குள் அவள் வந்துவிட்டாள். மழை விட்டிருந்தது. வைஷு கேட்டருகே காத்திருந்தாள். காரிலிருந்து இறங்கிய சந்திரிகா வெறுங்கையோடு நின்று மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னைப் பத்தி என்ன நினைப்பீங்கன்னு தெரியும்," என்றாள்.

"இல்லக்கா. இன்னிக்கு யாரைப் பத்தியும் எதுவும் நினைக்கற நிலைமைல நான் இல்ல," என்றாள் வைஷு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியேறினார்கள்.

கதவைத் திறந்த சலீம் ஒன்றும் கேட்கவில்லை. நகர்ந்து வழி விட்டார். உள்ளே திரும்பி, "மௌலி, யார் வந்திருக்கா பாரு," என்றார்.

சந்திரமௌலிக்கு மகளை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் பிடித்தது. தெரிந்ததும் அவர் கூப்பிடவில்லை, அழவில்லை. அசைகிற ஒரே கையால் போர்வையை அவசர அவசரமாக இழுத்து, செத்துக் கிடந்த வலது கையை மூடினார். தொங்கிய கன்னத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சந்திரிகா வாசலிலேயே நின்றாள். மெல்ல நடந்து போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். போர்வையை விலக்கினாள். மூடி வைத்திருந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வைஷு வெளியே வந்து, சத்தம் கேட்காதபடி கதவைச் சாத்தினாள்.